பாடல்களை இலவசமாகக் கொடுக்கலாமா? ஆர்க்டிக் மங்கீஸ் வளர்ந்த கதை சொல்லும் விடை

கேள்வி: மான்செஸ்டரில் படித்துக்கொண்டே மூன்று நண்பர்களுடன் சேர்ந்து ஓர் இண்டி ராக் குழு நடத்துகிறேன். சொந்தப் பாடல்கள் ஏழெட்டு கைவசம் உள்ளன. அனைத்தையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடலாம், ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ஷெஃபீல்டு ராக் குழு அப்படித்தான் மேலே வந்தது என்கிறார் எங்கள் டிரம்ஸ் கலைஞர். இதற்கிடையில் ஒரு சிறிய இசை நிறுவனம் ஒப்பந்தப் படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. இலவசமாகக் கொடுப்பதா, கையெழுத்திடுவதா?

பதில்: டெமோ பதிவுகளை, அதாவது ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவுகளை, தாராளமாகக் கொடுங்கள், ஆனால், உங்கள் நிகழ்ச்சியை நேரில் பார்த்தவர்களின் கையில் முதலில் கொடுங்கள். ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. விடுபட்ட மறுபாதியில்தான் உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி இருக்கிறது என்பதால், அந்தக் குழு வளர்ந்த வரிசையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஷெஃபீல்டு நகரின் வடக்கு எல்லையில் உள்ள ஹை கிரீன் பகுதியைச் சேர்ந்த அலெக்ஸ் டர்னரும் ஜேமி குக்கும் 2001 கிறிஸ்துமஸுக்குப் பரிசாகக் கிதார் வாங்கிக்கொண்டவர்கள். மறு ஆண்டே குழு உருவாயிற்று. கிதாருக்கு ஆள் இருந்ததால், மிஞ்சியிருந்த டிரம்ஸை மேட் ஹெல்டர்ஸ் எடுத்துக்கொண்டார். பேஸ் கிதாருக்கு ஆண்டி நிக்கல்சன் வந்தார். இந்த நால்வரும் தங்கள் முதல் நிகழ்ச்சியை 2003 ஜூன் 13 அன்று ஷெஃபீல்டின் டிரிப்பெட் லேனில் உள்ள ‘தி கிரேப்ஸ்’ என்ற பப்பில் நடத்தினார்கள். ‘டொமினோ’ என்ற இசை நிறுவனத்துடன் அவர்கள் ஒப்பந்தம் செய்தது 2005 ஜூனில். இந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததை ‘இணையத்தால் வளர்ந்த குழு’ என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுவது ஊடகங்களுக்கு வசதியாகப் போயிற்று.

உண்மையில் நடந்தது வேறு. ஷெஃபீல்டின் 2ஃப்ளை ஸ்டுடியோவில், ஆலன் ஸ்மித் என்ற தயாரிப்பாளருடன் அவர்கள் சிறு சிறு தொகுதிகளாக டெமோ பதிவு செய்தார்கள். அவற்றைச் சிடியில் எழுதி, நிகழ்ச்சி முடிந்ததும் வந்திருந்தவர்களுக்கு விலையின்றிக் கொடுத்தார்கள். மேலாளர் ஜெஃப் பாரடேல், வடகிழக்கு இங்கிலாந்து, மிட்லண்ட்ஸ், ஸ்காட்லாந்து என்று சிறிய அரங்குகளாகத் தேடி அவர்களை அழைத்துச் சென்று, அங்கும் இதே முறையில் சிடிகளை விநியோகித்தார். சிடிகள் எண்ணிக்கையில் குறைவு. கிடைத்தவர்கள் அதைக் கணினியில் ஏற்றிக் கிடைக்காதவர்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாடல்களின் தொகுப்புக்கு ‘பினீத் தி போர்டுவாக்’ என்று பெயர் வைத்ததுகூடக் குழுவினர் அல்லர், ரசிகர்கள்தாம். போர்டுவாக் என்பது ஸ்னிக் ஹில்லில் இருந்த அரங்கு. டர்னர் அங்கே மதுக்கூடப் பணியாளராக வேலை பார்த்தவர். (அதே கட்டடம் ‘பிளாக் ஸ்வான்’ என்ற பெயரில் இருந்தபோது, 1976 ஜூலை 4 அன்று ‘தி கிளாஷ்’ குழு தன் முதல் நிகழ்ச்சியை அங்கே நடத்தியது. ஷெஃபீல்டுக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.) அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் குழுவின் பக்கத்தைத் தொடங்கியதும் ரசிகர்களே, அது என்னவென்றே தங்களுக்குத் தெரியாது என்று குழுவினர் பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிகழ்ச்சி, அடுத்து கைக்கு வந்த சிடி, அதன் பிறகே இணையம். முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் தற்செயலாகக் கேட்டு ரசிகரானது இங்கே முதற்படி அன்று. வியர்வையும் நெரிசலுமாக ஒரு சிறு அரங்கில் நின்று பார்த்தவர், தாம் கண்டதை நண்பருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் பாடலை அனுப்பினார் என்பதே முதற்படி. விளைவு அரங்கில் தெரிந்தது. கடையில் ஆல்பம் எதுவும் வராத காலத்திலேயே கூட்டம் வரிக்கு வரி உடன் பாடத் தொடங்கிவிட்டது. 2005 மே மாதம் ‘பேங் பேங்’ என்ற தங்கள் சொந்த வெளியீட்டுப் பெயரில், குறைந்த எண்ணிக்கையில், ஒரு சிறு பதிவை வெளியிட்டார்கள். அவ்வளவுதான் கையிருப்பு. அந்த ஆகஸ்டில் ரெடிங், லீட்ஸ் இசை விழாக்களில் புதிய குழுக்களுக்கென ஒதுக்கப்பட்ட சிறிய மேடையில் அவர்கள் ஏறியபோது, வழக்கத்தை மீறிய கூட்டம் அங்கே திரண்டது.

பாடல்கள் எதைப் பற்றியவை என்பதையும் விட்டுவிட முடியாது. அவர்கள் ஒத்திகை பார்த்த யெல்லோ ஆர்ச் ஸ்டுடியோ, நீப்செண்ட் என்ற பழைய தொழிற்சாலைப் பகுதியில் இருக்கிறது. இருட்டிய பிறகு அந்தத் தெருவில் நின்ற பாலியல் தொழிலாளர்களையும் அவர்களைத் தேடி வந்தவர்களையும் பார்த்து எழுதிய பாடல், 2006 ஜனவரியில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரவு விடுதி வாசலில் மறித்து நிற்கும் காவலாளி, டாக்ஸியில் வீடு திரும்பும் பயணம், அமெரிக்கர்போலப் பாட முயலும் உள்ளூர்க் குழு என்று எல்லாமே அவர்கள் நடமாடிய சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவை. பாடியதும் ஷெஃபீல்டு வழக்கிலேயே. இதைக் கேட்ட உள்ளூர் இளைஞருக்கு அது தம் சனிக்கிழமை இரவாகத் தோன்றியது. எத்தனை திறமையாக விநியோகித்தாலும், பிறருக்கு அனுப்பத் தூண்டும் இந்தத் தன்மை பாடலில் இல்லாவிட்டால் விநியோகம் வீண். உங்கள் பாடல்களில் மான்செஸ்டர் எங்காவது தென்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுப்பாத கேள்விதான், ஆனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இலவசமாகக் கொடுத்தால் விற்பனை கெடும் என்ற அச்சத்துக்கு அந்தக் குழுவின் கணக்கே பதில். 2006 ஜனவரி 23 அன்று முதல் ஆல்பம் வெளிவந்தது. அதில் இருந்த பாடல்களில் பெரும்பாலானவை டெமோ வடிவில் ஏற்கெனவே ரசிகர்களின் கணினிகளில் இருந்தன. அப்படியிருந்தும் முதல் வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்று, அதுவரை பிரிட்டனில் எந்த அறிமுக ஆல்பமும் காணாத விற்பனை வேகத்தைக் காட்டியது. அதே ஆண்டு, சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்க்குரி பரிசும் கிடைத்தது. இலவசமாகச் சுற்றியது டெமோ; விற்றது பெரும்பாலும் ஜிம் அபிஸ் தயாரிப்பில் புதிதாகப் பதிவு செய்த வடிவம். இரண்டையும் அவர்கள் கலக்கவில்லை.

ஆனால், இந்தக் கணக்கை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. அன்று இலவச டெமோ ரசிகரைக் கடைக்கு அனுப்பியது. கடையில் காசு கொடுத்து வாங்க ஒரு சிடி இருந்தது. இன்று எல்லோருடைய பாடலும் ஸ்ட்ரீமிங்கில் ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. இலவசம் என்பதில் கவர்ச்சி மிச்சமில்லை. போதாக்குறைக்கு, ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பதிவுக்கான ராயல்டியே (உரிமைத் தொகையே) கிடையாது. எனவே எல்லாப் பாடல்களையும் ஒரே நாளில் இணையத்தில் கொட்டினால், பணமும் வராது, பேச்சும் எழாது.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் இப்படிச் செய்வேன்: அரங்கில் நன்றாக எடுபடும் இரண்டு மூன்று பாடல்களின் டெமோவை எந்தத் தளத்திலும் ஏற்றாமல், நிகழ்ச்சிக்கு வந்தவருக்கு மட்டும் தரவிறக்க இணைப்பாகவோ சிடியாகவோ கொடுப்பேன். இணைப்பைப் பெற அவர் மின்னஞ்சல் முகவரியைத் தர வேண்டும். சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர் அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் கைப்பொருள். மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கைப்பொருள். அவர் பிறருக்கு அனுப்பினால் தடுக்காதீர்கள், அதுதான் நோக்கமே. முறையாகப் பதிவு செய்த பாடல் ஒன்றை மட்டும் புதிய கலைஞர்களுக்கான பி.பி.சி. இன்ட்ரொட்யூசிங் தளத்தில் ஏற்றுங்கள். கட்டணம் இல்லை, உள்ளூர் வானொலித் தயாரிப்பாளர்கள் அதைக் கேட்பார்கள். மூலப் பதிவுக் கோப்புகளை இரண்டு வன்வட்டுகளிலாவது வைத்திருங்கள். 2015 வரை மைஸ்பேஸில் ஏற்றப்பட்டிருந்த கோடிக்கணக்கான பாடல்கள் அழிந்துபோனதாக 2019இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரே பிரதியை அங்கே விட்டு வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

இனி ஒப்பந்தம். ஆர்க்டிக் மங்கீஸ் தாமதமாகக் கையெழுத்திட்டார்கள், தாமதத்தால்தான் வலுப்பெற்றார்கள். நிறுவனங்கள் தேடி வந்த நேரத்தில் அரங்குகள் ஏற்கெனவே நிறைந்துகொண்டிருந்தன. அவர்கள் தேர்ந்தெடுத்த டொமினோ, லாரன்ஸ் பெல் 1993இல் தம் வீட்டிலிருந்து தொடங்கிய சுயாதீன நிறுவனம். தமக்குப் பிடித்த குழுக்களை மட்டுமே எடுப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர். முந்தைய ஆண்டுதான் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவை வெற்றிபெறச் செய்திருந்தார். அதாவது, சிறிய நிறுவனம் என்பது குறையன்று. அதன் பட்டியலில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதே கேள்வி. உங்களுக்குப் படிவம் அனுப்பிய நிறுவனத்தின் பட்டியலில் உள்ள இரண்டு குழுக்களிடமாவது நேரில் பேசிவிடுங்கள்.

படிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பதிவின் உரிமை அவர்களுக்கே மாற்றித் தரப்படுகிறதா, அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் தரப்படுகிறதா என்பது. பிரிட்டனில் பதிவின் காப்புரிமை வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள் நீடிக்கும்; ஆகவே ‘முழுமையாக, நிரந்தரமாக’ என்ற சொற்களைக் கண்டால் நிதானியுங்கள். அடுத்த ஆல்பங்களை எடுத்துக்கொள்ளும் விருப்பத் தேர்வு யாருக்கு என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அது நிறுவனத்துக்கு மட்டுமே இருக்கும். நிகழ்ச்சி வருமானத்திலும் டி-ஷர்ட் விற்பனையிலும் பங்கு கேட்டால், அவற்றுக்காக அவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாடல் இயற்றியதற்கான வெளியீட்டு உரிமை தனி. பதிவு ஒப்பந்தத்துக்குள் அதைச் சேர்த்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். உங்களிடம் பணம் கேட்கும் நிறுவனம் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியன் தன் உறுப்பினர்களுக்கு ஒப்பந்தங்களைப் பார்த்து ஆலோசனை சொல்கிறது. கையெழுத்துக்கு முன் சேருவதே புத்திசாலித்தனம்.

நிறுவனத்துடன் பேசுமுன் உங்களுக்குள் பேச வேண்டியதும் ஒன்று உண்டு. முதல் ஆல்பம் வெளிவந்த சில மாதங்களிலேயே, இடைவிடாத பயணங்களின் களைப்பில் ஆண்டி நிக்கல்சன் குழுவிலிருந்து விலகினார். நிக் ஓ’மேலி அந்த இடத்துக்கு வந்தார். உச்சத்தில் இருக்கும்போதே இது நிகழலாம். எழுத்தில் உடன்படிக்கை இல்லாமல் வருமானம் நோக்கி இயங்கும் குழுவை, பிரிட்டனில் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டு வணிகமாகக் கருத இடமுண்டு. அப்படியானால் இலாபமும் கடனும் சமப் பங்கு. குழுவின் பெயர் யாருக்கு, விலகுபவருக்கு என்ன பங்கு, ஒவ்வொரு பாடலிலும் யாருக்கு எவ்வளவு விழுக்காடு என்பதை ஒரே தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். ஸ்டுடியோ செலவை வெளியார் ஏற்றால், பதிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவரே உரிமையாளர் என்பதுதான் பிரிட்டனில் பொது விதி.

பாடல் எழுதுபவர்கள், தங்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் பி.ஆர்.எஸ். அமைப்பில் சேர்ந்து, வாசித்த பாடல்களின் பட்டியலை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் தாமதமின்றிப் பதிவு செய்தால், உரிமம் பெற்ற சிறிய அரங்கிலிருந்தும் ஓரளவு தொகை வரும். பதிவுகள் வானொலியில் ஒலித்தால் அதற்கான தொகையை வசூலித்துத் தரும் பி.பி.எல். அமைப்பு தனி. படிவம் அனுப்பிய நிறுவனத்துக்கு, யூனியனின் கருத்து வந்த பிறகே பதில் சொல்ல முடியும் என்று இன்றே இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நல்ல நிறுவனம் காத்திருக்கும்.