பழைய மூங்கில் முறத்தைச் சுவர் அலங்காரமாக மாற்ற முடியுமா?

கேள்வி: பாட்டி புடைத்த முறம், ஓரம் பிய்ந்து, ஓட்டை விழுந்து கிடக்கிறது. தூக்கிப்போட மனமில்லை. சுவரில் மாட்டலாமா?

தாராளமாக. முதலில் முறத்தைத் தரையில் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் உளுத்திருக்கிறது என்று அர்த்தம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காகத்தான் வண்டு துளைக்கிறது. நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். வேப்பெண்ணெய் பூசச் சொல்வார்கள். பூசினால் அப்புறம் பெயிண்ட் ஒட்டாது.

ஓட்டைகளை அடைக்க பாட்டி வழிதான் சிறந்தது. செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, ஊறிய வெந்தயத்தோடு கெட்டியாக அரையுங்கள். வெந்தயத்தின் கொழகொழப்புதான் பசை. இரண்டு பக்கமும் மெல்லியதாக மெழுகுங்கள். கனமாக அப்பினால் காயும்போது வெடிக்கும், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நான் முதல் முறை அவசரப்பட்டு அப்பி, வீடெல்லாம் வெந்தய நாற்றம்!

நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை பிரைமர் (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), அதன்மேல் காவி நிற அக்ரிலிக் பெயிண்ட். காவியில் வெள்ளைப் புள்ளிக்கோலம் எடுப்பாக இருக்கும். பிய்ந்த ஓரத்துக்குப் பழைய புடவைக் கரையைச் சுற்றித் தைத்துவிடலாம். மாட்டுவதற்கான கம்பியைப் பின்னலில் கோக்காதீர்கள், விளிம்புச் சட்டத்தில் கட்டுங்கள்.