அடுப்படிக் கேள்விகள்: மசித்த மரவள்ளி

கேள்வி: டொமினிகன் குடியரசில் மரவள்ளிக்கிழங்கில் செய்யும் 'அரெபித்தாஸ் தே யூகா'வைச் செய்து பார்த்தேன். கிழங்கை வேகவைத்து மசித்து, முட்டை, சோம்பு சேர்த்துப் பொரித்தேன். வெளியே சிவந்துவிட்டது, உள்ளே பசை மாதிரி இழுக்கிறது. எங்கே தப்பு?
(வாசகி, நாமக்கல்)

பதில்: வேகவைத்ததுதான் தப்பு. இதற்குக் கிழங்கு பச்சையாகவே போக வேண்டும். அந்நாட்டுத் தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் குடியிருந்தபோது முதல் தடவை நானும் மசித்துத்தான் செய்தேன். மாடி வீட்டு அம்மாள் என் தட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் 'குவாயோ'வை எடுத்து வந்து வைத்தார். குவாயோ என்றால் துருவிதான். பொடிக் கண்ணில் துருவுங்கள், ஈர ரவை மாதிரி விழ வேண்டும்.

அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், சர்க்கரையும் உப்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, 'அனீஸ்' அரைத் தேக்கரண்டி. அனீஸ் நம் சோம்பு இல்லை, அதைவிடப் பொடிசு. கிடைக்காவிட்டால் சோம்பையே லேசாக நசுக்கிப் போடுங்கள், குடி முழுகிவிடாது.

துருவலைப் பிழியாதீர்கள். அந்தப் பாலில் இருக்கும் மாவுச்சத்துதான் பிடிமானம். பிழிந்து உலர்த்திக் கல்லில் சுட்டால் அது வேறு சமாச்சாரம்: அந்தத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் காலத்து 'கசாபே' ரொட்டி. 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில்கூட ஏறிவிட்டது.

கசப்புக் கிழங்கின் பாலில் நஞ்சு உண்டு, பிழியாமல் செய்வதால் கிழங்கைப் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கும் விளைகிறதே, அது வேண்டாம். அவித்துத் தின்னும் கிழங்கு என்று கேட்டே வாங்குங்கள். துளி கசந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மேல்தோலோடு உள்பட்டையையும் சீவி எடுக்க வேண்டும்.

அப்புறம், அரை அங்குல உயரத்துக்கு எண்ணெய். மிதமான தீயில் கரண்டி கரண்டியாக விட்டு, பின்பக்கத்தால் தட்டிப் பரப்புங்கள். ஓரம் சல்லடை மாதிரி முறுகியதும் திருப்பிப் போட்டு, உள்ளே நன்றாக வேக விடுங்கள். அங்கே மதியம் சோறு, பீன்ஸ், இறைச்சியோடு தொட்டுக்க இரண்டு வைப்பார்கள். நான் வெறுமனே ஆறு தின்பேன்.

மசித்த கிழங்கு மீதி இருக்கிறதா? நடு நரம்பு ஏதாவது தங்கியிருந்தால் எடுத்துவிட்டு, உள்ளே சீஸ் துண்டு வைத்து உருட்டிப் பொரியுங்கள். அதற்கு அங்கே 'போலித்தாஸ்' என்று பெயர். அடுத்த முறை போலித்தாஸுக்கென்றே வேகவைத்தால், கிழங்கைச் சூடாக இருக்கும்போதே மசியுங்கள். ஆறவிட்டுப் பிசைந்தால் மறுபடியும் பசைதான்.