சித்தப்பா கையெழுத்து போடாவிட்டால் த்ரீ பேஸ் கிடைக்காதா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்துக் கிராமத்தில், தாத்தா கட்டிய வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான். மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ், கீழே இரும்பு மெயின் ஸ்விட்ச். கீசரும் ரூம் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் பலகை சூடாகிக் கருகல் வாடை வருகிறது. அதிக லோடு தாங்கும் த்ரீ பேஸ் இணைப்புக்கு மாற்ற, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சித்தப்பா கையெழுத்து தர மறுக்கிறார். மீறினால் ஈ.பி. ஆபீசில் எழுதிக்கொடுத்து லைனைக் கட் பண்ண வைப்பாராம். இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடவும் எண்ணம் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கருகல் வாடை. கீசர் 3 கிலோவாட், ஹீட்டர் 2 கிலோவாட் என்றால் இரண்டுக்குமே 5 ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் இணைப்புக்கு 4 கிலோவாட்தான் வரம்பு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று யாராவது தடிமனான கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஃபியூஸ் போகாது, வயர்தான் வேகும். வழக்கு, கையெழுத்து எல்லாம் அப்புறம். இன்றிலிருந்து இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

இனி சித்தப்பா. மின்சாரச் சட்டம், 2003-இன் 43-ஆம் பிரிவு உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பாவின் பங்கு வழியாக நீங்களும் அம்மாவும் கூட்டு உரிமையாளர்கள். அங்கேயே குடியிருக்கவும் செய்கிறீர்கள். வீட்டுக்காரர் ஆட்சேபணையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கே மின்சாரம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பங்குதாரரான உங்கள் நிலை அதைவிட வலுவானது.

நடைமுறையில், இரண்டு தலைமுறைக்கும் வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றத்துக்கும் கூடுதல் லோடுக்கும் விண்ணப்பியுங்கள். உரிமையாளர் ஒப்புதல் தர மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றோடு இண்டெம்னிட்டி பாண்டு (இதனால் இழப்பு வந்தால் நானே ஈடு செய்கிறேன் என்ற உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுக்கத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பிலேயே வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் வைப்புத்தொகை இரண்டு மடங்கு கேட்பார்கள். பிடிவாதத்துக்கு அது ஒரு விலை, அவ்வளவுதான். கவுன்ட்டரில் வாய்மொழியாக "கையெழுத்து இல்லாமல் முடியாது" என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மலைப்பகுதிக் கிராமங்களுக்கு இணைப்பு தரவோ மாற்றவோ 30 நாள் அவகாசம். தாண்டினால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின்குறைதீர்ப்பாளர்.

லைனைக் கட் பண்ணும் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். பில் கட்டாவிட்டால்கூட 15 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே துண்டிக்க முடியும். உறவினர் எழுதும் கடிதம் அதற்குக் காரணமாகாது.

உண்மையில் சித்தப்பாவுக்கு ஷாக் அடிக்கும் என்ற பயமில்லை. பங்கு போய்விடுமோ என்ற பயம். ஈ.பி. கார்டில் யார் பெயர் இருந்தாலும் அது சொத்துரிமைக்குப் பத்திரமாகாது. "இந்தப் பெயர் மாற்றத்தால் உங்கள் பங்குக்குப் பாதகமில்லை" என்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். இப்படிப்பட்ட சண்டைகளில் பாதி அந்த ஒரு வரியிலேயே தணிவதைப் பார்த்திருக்கிறேன். செலவு ரசீதுகளை எடுத்து வையுங்கள். நாளை பாகப்பிரிவினை வந்தால் ஈடு கேட்க உதவும். ஆனால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமே கொடுத்து டெஸ்ட் ரிப்போர்ட் வாங்குங்கள். புதுப் போர்டில் எம்.சி.பி.யுடன் (லோடு மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் உடனே அணைக்கும் ஸ்விட்ச்), சரியான எர்த்தும் இருக்கட்டும். மீட்டர் சீலை மட்டும் உள்ளூர் வயர்மேனைத் தொட விடாதீர்கள்; அது மின் திருட்டு வழக்கு வரை போகும். கம்பத்திலிருந்து வரும் புது லைன் பக்கத்துத் தோட்டத்தின் மேலே போனால், அந்தத் தோட்டக்காரரின் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு. குறுக்கே மரம் நிற்கிறதென்று வெட்டிவிடாதீர்கள், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த இரண்டு அறைகள். எனக்கு சித்தப்பாவைவிட அதுதான் கவலை. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அதே மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. விருந்தாளி வருவதற்கு முன்பே, இந்தப் பயன்பாடு எந்தக் கட்டண வகையில் வரும் என்று உதவி செயற்பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.