முதலில் நடை, அப்புறம் சாப்பாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் நண்பனோடு மலைநடை போனேன். நல்ல குளிர். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புவதாகத் திட்டம். அவனுக்கு நடையைவிடச் சாப்பாட்டில்தான் நாட்டம். பாதி வழியில் ஓர் உணவகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். ஒன்றரை மணி நேரம் போயிற்று. வெளியே வந்தால் இருவருக்கும் ஒரே நடுக்கம். உச்சிக்குப் போகாமலே இருட்டில் தட்டுத்தடுமாறி இறங்கினோம். சாப்பிடத்தான் என்றால் மலைக்கு எதற்கு வரவேண்டும்? இனி அவனைக் கூப்பிட வேண்டாம் என்றிருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

நான் உங்கள் நண்பர் கட்சி. சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நடப்பதில் என்ன குறை? உச்சியில் நின்று எடுத்த படங்களை நான் திரும்பப் பார்ப்பதே இல்லை. இறங்கி வந்து, கால் வலியோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசியபடி சாப்பிட்டதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் அவர் உட்கார்ந்த நேரம் சரியில்லை. சாப்பிட விளக்கு வெளிச்சம் போதும், நடக்கத்தான் பகல் வேண்டும். குளிர்காலத்தில் அதுதான் குறைவு. 45 டிகிரி அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 9 மணி நேரம்கூட இல்லை. அதில் ஒன்றரை மணி நேரத்தை நாற்காலிக்குக் கொடுத்தால் உச்சி எப்படி மிஞ்சும்?

நடுக்கத்துக்கு வருகிறேன். ஏறும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனால்தான் கடுங்குளிரிலும் வியர்க்கிறது. உட்கார்ந்ததும் அந்த அடுப்பு தணிந்துவிடும், வியர்வையில் நனைந்த உடை மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். உள்ளே கதகதப்பில் இது உறைக்காது. வெளியே வந்து முதல் காற்று பட்டதும் தெரியும். உள்ளே போட்டிருந்தது பருத்தி பனியன் என்றால் கேட்கவே வேண்டாம், அது லேசில் காயாது. கம்பளியோ பாலியெஸ்டரோ பரவாயில்லை. எதுவானாலும் பையில் உலர்ந்த சட்டை ஒன்று இருக்கட்டும். மது குடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்திருந்தால், தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். அதையும் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வழியில் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. கொட்டைகளும் உலர்பழமும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, நின்றபடியே அடிக்கடி கொஞ்சம் கொறியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை நினைவு வைத்துக் குடிக்க வேண்டும். பசி அடங்கியிருந்தால் நண்பரும் பாதி வழியில் எந்தக் கதவையும் தள்ள மாட்டார்.

இனி கணக்கு. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார். இன்றைய அளவில் தோராயமாக, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நடையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். ஓய்வு இதில் சேராது, பனி கிடந்தால் இன்னும் இழுக்கும். அதோடு இருவரில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் கணக்கு, அது நீங்களாகவும் இருக்கலாம்! சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கீழே இருப்பதாக வைத்துப் பின்னோக்கி எண்ணினால், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது வந்துவிடும். அதைக் கிளம்பும்போதே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்த மணி அடித்தால் திரும்பல்தான். இதில் தப்புச் செய்யக்கூடியவர் உங்கள் நண்பரல்ல, நீங்கள்தான் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

எப்படியும் தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று எடுத்துப்போங்கள். கைபேசி பாட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், அதை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

நண்பரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். மலையடிவாரத்தில் எங்கே சாப்பிடுவது என்று தேடும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார். குளிர்காலத்தில் சில இடங்கள் சீக்கிரம் மூடிவிடும், சில இடங்கள் திறப்பதே இல்லை. முன்னாலேயே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.