அருளப்பனை ஜானாகவும் தேடிப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தாத்தா பெயர் அருளப்பன், பாட்டி ஞானம்மாள். 1931 வாக்கில் சிவாஜிநகர் மரியன்னை கோவிலில் கல்யாணம் நடந்ததாக அப்பா சொல்வார். குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தின் இந்தியத் திருமண அட்டவணையில் தேடினேன், பெயரே வரவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: அட்டவணையில் பெயர் வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாதிரிமார் அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பிய கோவில் பதிவேட்டு நகல்களை வைத்தே அதில் பெரும்பகுதி எழுதப்பட்டது. ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான் அதிகம். நம் ஆட்கள் அங்கங்கேதான் வருவார்கள்.

இருந்தாலும் இன்னொரு முறை தேடுங்கள், இடத்தை மாற்றி. 1947 வரை சிவாஜிநகர் அடங்கிய கண்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷார் கையில் இருந்தது. அதன் கோவில் நகல்கள் சென்னை மாகாணக் கணக்கில்தான் சேர்ந்தன. 'கர்நாடகா' என்று போட்டால் வராது, 'மெட்ராஸ்' என்று போடுங்கள். சிவாஜிநகருக்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பெயர். இங்கேதான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் அருளப்பர் என்றால் யோவான், ஆங்கிலத்தில் ஜான். வீட்டில் அருளப்பன், ஏட்டில் ஜான், லத்தீனில் எழுதிய சாமியாராக இருந்தால் யோவான்னெஸ். சூசை ஜோசப் ஆவார், ராயப்பன் பீட்டர், சின்னப்பன் பால். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் அந்தக் கட்டத்தில் தாத்தாவின் அப்பா பெயர் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஞானம்மாளை மட்டும் தேடுங்கள். ஆங்கிலத்தில் முதல் நாலைந்து எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால், எழுத்துக்கூட்டல் மாறியதும் சேர்ந்து வரும். ஆண்டிலும் முன்னே பின்னே ஐந்து விடுங்கள்.

அப்படியும் கிடைக்கவில்லையா? சரி, கோவிலுக்கே போங்கள். ஆனால் கல்யாண ஏட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். 1908 முதல் கத்தோலிக்கக் கோவில்களில் ஒரு முறை உண்டு: கல்யாணம் எங்கே நடந்தாலும், மணமக்களின் ஞானஸ்நானப் பதிவில் அதைக் குறிக்க வேண்டும். பாட்டி பிறந்த ஊர் வட ஆற்காட்டுப் பக்கமா, கோலார் தங்கவயலா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த ஊர்ப் பங்கில், அதாவது அவ்வூர்க் கோவிலில், பாட்டியின் ஞானஸ்நானப் பக்கத்தைத் திறந்தால், ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில், பொடியாக ஒரு வரி இருக்கும்: நாள், கோவில், மாப்பிள்ளை பெயர். அதைப் பார்க்கும்போது கண் கலங்கிவிடும், எனக்குக் கலங்கியிருக்கிறது.

பெண்ணின் பங்கில் கல்யாணம் வைப்பதே வழக்கம். அதனால் அப்பா சொன்ன சிவாஜிநகர், தாத்தாவுக்கு ஓலை வாசித்த, அதாவது கல்யாணத்துக்கு முன் அதை அறிவித்த, கோவிலாக மட்டும் இருந்திருக்கலாம். கல்யாணப் பதிவு கிடைத்தால் சாட்சிகளின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சித்தப்பாவோ தாய்மாமனோதான் சாட்சியாக நின்றிருப்பார்.

பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.