காற்று இறங்கும்போது சைலன்சர் பைப் எங்கே போகும்? – வாசகர் கேள்வி பதில்

ஏர் பெல்லோ (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை) போட்டுத் தாழ்த்திய பிக்கப் வண்டிகளில் சைலன்சர் பைப் போடுவது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஏர் பெல்லோ போட்டிருக்கிறேன். காற்றை முழுவதும் இறக்கினால் சேஸ் தரையில் உட்கார்ந்துவிடும். பழைய பைப் ஹவுசிங்குக்கு (பின் அச்சின் உறைக்கு) மேலே வளைந்து போனது, இப்போது இடிக்கிறது. ஹவுசிங்குக்கு மேலேயே வேறு மாதிரி வளைப்பதா, கீழே கொண்டுபோவதா, பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியே விட்டுவிடலாமா?

பதில்: ஹவுசிங்குக்கு மேலே போகும் பைப்புக்கு ஆபத்து காற்று இறங்கும்போது. கீழே போகும் பைப்புக்கு ஆபத்து காற்று ஏறும்போது. இது மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அளவெடுக்கும் வேலைதான்.

முதலில் மேல் வழி. காற்று முழுவதும் இறங்கும்போது சேஸில் வெட்டிய வளைவுக்குள் ஹவுசிங் ஏறி வந்து, அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் நிற்கும். அப்போது ஹவுசிங் குழாய்க்கும் வளைவின் உச்சிக்கும் நடுவே 25 மி.மீ. இருந்தாலே அதிகம். 63 மி.மீ. பைப்புக்கு மேலும் கீழும் 25 விட்டால் 113 மி.மீ. வேண்டும். அந்த இடம் பின்தொட்டியின் தரையை வெட்டி மேலே தூக்கினால்தான் கிடைக்கும். வண்டியைத் தரையில் உட்கார வைக்காமல், அந்த 113 மி.மீ. மிஞ்சும் உயரத்திலேயே பம்ப் ஸ்டாப் தடுக்கும்படி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மேல் வழி நல்லது.

கீழ் வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, தரையில் உரசும் என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் ஆரம் 340 மி.மீ. என்றால் ஹவுசிங்கின் மையம் எப்போதும் தரையிலிருந்து 340-இல்தான் இருக்கும். குழாயின் விட்டம் 80 என்றால் அதன் அடிப்பக்கம் 300-இல். சேஸ் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, தரையிலிருந்து 12 மி.மீ. தள்ளி வைத்த 63 மி.மீ. பைப்பின் மேல்பக்கம் 75-இல் இருக்கும். இடைவெளி 225. காற்றேற்றிச் சேஸ் 180 மி.மீ. உயர்ந்தால் மிஞ்சுவது 45. அதே உயரத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தப் பக்கம் ஹவுசிங் இன்னும் கீழே தொங்கும், அந்த 45-உம் கரைந்துவிடும். கிரவுன் பெட்டி (ஹவுசிங்கின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி) இதைவிடத் தாழ்வாக இருப்பதால் பைப் அதிலிருந்து பக்கவாட்டில் 50 மி.மீ.யாவது தள்ளிப் போக வேண்டும். காற்றை எவ்வளவு உயரம் வரை ஏற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்து, ஹவுசிங் அதற்குக் கீழே தொங்காமல் பிடிக்கும் லிமிட் ஸ்ட்ராப்பும் போட்டால் கீழ் வழி ஒத்துவரும். இல்லையென்றால் வேண்டாம்.

உங்கள் வண்டி தரையில் உட்காருகிறது. ஆகவே பின்சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் வெளியேற்றுவதுதான் எங்கள் தேர்வு. ஹவுசிங் ஆடும் இடத்துக்குள் பைப் போகவே போகாது. பெல்லோவிலிருந்தும் தள்ளி நிற்கும். ஒரே குறை சத்தம், அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: எஞ்சினுக்கு 3 அங்குல பைப் வேண்டும் என்கிறார்கள். ஆனால் கிராஸ் மெம்பருக்கு (சேஸின் குறுக்குச் சட்டத்துக்கு) அடியில் போகும்போது சேஸுக்குக் கீழே 20 மி.மீ. தொங்குகிறது.

பதில்: அப்படியே விட்டால் காற்றை இறக்கும் ஒவ்வொரு முறையும் வண்டியின் எடை அந்தப் பைப்பின் மேல் உட்காரும். பைப் நசுங்குவதோடு நிற்காது. தள்ளப்படும் பைப், அதைத் தொங்கவிடும் ஹேங்கரைப் பிய்க்கும், எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டு பக்கத்து வெல்டிங்கில் விரிசல் விடும். பைப், பிளேன்ஜ், கிளாம்ப், நட்டு எதுவானாலும் சேஸின் அடிமட்டத்துக்கு 12 மி.மீ. மேலேதான் இருக்க வேண்டும்.

உயரத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, 3 அங்குலம் ஒன்றுக்குப் பதிலாக 2¼ அங்குலம் இரண்டு. 1.6 மி.மீ. தகட்டில் 3 அங்குல பைப்பின் உட்பரப்பு ஏறக்குறைய 4,185 சதுர மி.மீ., இரண்டு 2¼ அங்குல பைப்புகளுக்கு 4,570. பரப்பு குறையவில்லை, உயரத்தில் 19 மி.மீ. மிச்சம். எடையும் வெல்டிங்கும் கூடும், புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு (எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டுக்கு) இருபுறமும் இடம் வேண்டும். இரண்டு, இடிக்கும் இடத்தில் மட்டும் ஓவல் பைப். 3 அங்குல பைப்பை 51 மி.மீ. உயரத்துக்கு அமுக்கினால் அகலம் 90 மி.மீ. ஆகும், பரப்பில் சுமார் 12 சதவீதம்தான் போகும். ஒரு கிராஸ் மெம்பரைத் தாண்டும் 300 மி.மீ. நீளத்துக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. வைஸில் வைத்து நசுக்காதீர்கள், நடுவே குழிந்துவிடும். ஓவலாகவே செய்து வரும் பைப்பை வாங்குங்கள்.

இரண்டு பைப்புகளை இணைக்கும் வி-பேண்ட் கிளாம்ப் பைப்பைவிடச் சுற்றிலும் பெரியது. அதைத் தாழ்வான நேர்ப்பகுதியில் போட்டால் முதலில் உரசுவது அதுதான். பைப் மேலேறும் இடத்தில் மூட்டை வையுங்கள், நட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: பெல்லோவுக்கும் பைப்புக்கும் நடுவே 80 மி.மீ.தான் இருக்கிறது. துணி போலச் சுற்றும் ஹீட் ராப் சுற்றினால் போதுமா?

பதில்: போதாது. இயற்கை ரப்பர் பெல்லோ தொடர்ந்து தாங்குவது 60 டிகிரிக்குள், நியோபிரீன் 75-க்குள். பைப்பின் வெளிப்புறமோ ஏற்றத்தில் 300 டிகிரியைத் தொடும். தடுப்பு இல்லாமல் 150 மி.மீ. இடைவெளி வேண்டும், அதற்குக் குறைந்தால் தகடு கட்டாயம். 1 மி.மீ. அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் தகட்டை, பைப்பிலிருந்து 15 மி.மீ. தள்ளிச் சேஸில் பொருத்துங்கள். தகட்டின் இருபுறமும் காற்று ஓட வேண்டும். பைப்போடு ஒட்டிக் கட்டிய தகடு தானும் சூடாகி, அந்தச் சூட்டைப் பெல்லோவுக்கே வீசும்.

இடைவெளியை எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெல்லோ காற்று இல்லாமல் சுருங்கிக் கிடக்கும்போது அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பாரத்தால் அமுங்கி, உள்ளே அழுத்தமும் இருக்கும்போதுதான் அதன் இடுப்பு அதிகம் புடைக்கும்.

ஹீட் ராப் சூட்டைப் பைப்புக்குள்ளேயே வைத்திருக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். தரையோடு ஓடும் வண்டியில் தண்ணீர் எப்போதும் தெறிக்கும், சாதாரண இரும்புப் பைப் சுற்றுக்கு அடியில் சத்தமில்லாமல் துருப்பிடித்துப்போகும்.

பெல்லோவுக்குப் போகும் நைலான் காற்றுக்குழாய் தாங்குவது 93 டிகிரிதான். பைப் ஓடும் சேஸ் கட்டைக்கு எதிர்ப்பக்கத்தில் அதைக் கொண்டுபோங்கள். பெல்லோ அருகே கடைசி அரை மீட்டருக்கு ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். டீசல் வண்டியில் டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) இருந்தால் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி வரை போகும். பெல்லோவுக்குப் பக்கத்தில் அந்தப் பகுதி வரவே கூடாது.

கேள்வி: வீட்டிலேயே பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். எந்த வரிசையில் செய்வது?

பதில்: வண்டிக்கு அடியில் படுக்கும் முன் சேஸை நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காற்றை நம்பி அடியில் போகாதீர்கள். ஒரு பிட்டிங் (காற்றுக்குழாய் இணைப்பு) கழன்றால் வண்டி ஒரு நொடியில் தரைக்கு வந்துவிடும், தாழ்த்திய வண்டிக்கு அடியில் ஆள் இருக்க இடமே இல்லை.

பிறகு பெல்லோவைக் கழற்றிவிட்டு ஹவுசிங்கை ஜாக்கில் ஏற்றி இறக்குங்கள். பம்ப் ஸ்டாப்பில் முட்டும் நிலை, ஓட்டும் நிலை, முழுவதும் தொங்கும் நிலை ஆகிய மூன்றிலும் பைப்பைச் சுற்றி இடைவெளி அளந்து எழுதுங்கள். நான்காவதாக ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கியும் அளங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான், இடிப்பதும் இதில்தான். புரொப்பல்லர் ஷாஃப்டையும் பாருங்கள்: காற்று இறங்கினால் அதன் பின்முனை மேலேறும், அதற்கு மேலே பைப் குறுக்கே போனால் அடிபடும். ஆடும் எதற்கும் 25 மி.மீ., ஆடாததற்கு 15 மி.மீ. விடுங்கள்.

அளவு சரியென்றால் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, மறுபடி நான்கு நிலையும் பார்த்த பிறகு கழற்றி வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யுங்கள். வண்டியிலேயே பொட்டு வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பெல்லோவையும் காற்றுக்குழாயையும் வெல்டிங் போர்வையால் மூடுங்கள். பெல்லோவில் விழும் ஒரு தீப்பொறி அன்று ஒன்றும் செய்யாது. பிறகு ஒவ்வொரு இரவும் காற்று இறங்கியிருக்கும், கசிவு எங்கே என்று தேடி அலைவீர்கள்.

பைப் சூட்டில் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2.5 மீட்டர் ஸ்டெயின்லெஸ் 304 பைப் 300 டிகிரி சூடேறினால் 13 மி.மீ. நீளும், சாதாரண இரும்பு 9 மி.மீ. எஞ்சின் பக்கம் பிடித்திருப்பதால் அத்தனையும் பின்னால் தள்ளும். ஆகவே ஹேங்கர் ரப்பர்கள் குளிர்ந்த நிலையில் சற்று முன்னால் சாய்ந்திருக்கட்டும், சூட்டில் நேராகும். பாடியில் வெட்டிய ஓட்டையின் பின்விளிம்பில் 20 மி.மீ. விடுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் கருகும். எஞ்சின் அசைவுக்கு முன்பக்கத்தில் 150 மி.மீ. ஃபிளெக்ஸ் பைப் ஒன்று போதும். அதை வளைத்துப் பொருத்தாதீர்கள், பின்னல் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

கேள்வி: வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கேபினுக்குப் பின்னால் பைப்பை முடித்திருக்கிறேன். வண்டியை இறக்கிவைத்து எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே நாற்றம் வருகிறது.

பதில்: உடனே மாற்றுங்கள். நாற்றத்தோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது, அதற்கு வாசனை கிடையாது. சேஸ் தரையில் இருக்கும்போது வண்டிக்கு அடியில் காற்று வெளியேற வழியில்லை. புகை தேங்கி, பின்தொட்டியில் வெட்டிய இடங்கள், கேபின் தரையின் ஒயர் ஓட்டைகள், பின்கண்ணாடி வழியாக உள்ளே ஏறும். பைப்பின் வாய் பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே பார்க்க வேண்டும், இறக்கிய நிலையிலும் தரையிலிருந்து தெளிவாக மேலே இருக்க வேண்டும். கேபின் ஓட்டைகளை ரப்பர் குரோமெட் போட்டு அடையுங்கள். அதுவரை இறக்கிய நிலையில் எஞ்சினை ஓடவிட வேண்டாம். காய்ந்த புல்லின் மேல் இறக்கவே வேண்டாம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: பக்கவாட்டில் விட்ட பிறகு 1,800 ஆர்.பி.எம்.மில் காதுக்குள் உறுமுகிறது. வி8 எஞ்சின்.

பதில்: எட்டு சிலிண்டர் உள்ள வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. 1,800-இல் நொடிக்கு 30 சுற்று, ஆக 120 ஹெர்ட்ஸ். முனை மூடிய கிளைப்பைப் ஒன்றை மெயின் பைப்பில் டி போல இணைத்தால் அந்த ஒலியை மட்டும் விழுங்கும். நீளம் அலையின் கால் பங்கு: 200 டிகிரி சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 440 மீட்டர் போவதால் ஏறக்குறைய 90 செ.மீ. நேராக இடமில்லை என்றால் சேஸோடு வளைத்துக்கொள்ளலாம். முதலில் மூடியைக் கிளாம்பில் பிடித்து, 5 செ.மீ. கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெல்டிங் செய்யுங்கள். கிளையின் மூடிய முனை தாழ்வாக இருந்தால் தண்ணீர் தேங்கும், அங்கே 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள்.