நுண்மோட்டார் ஆராய்ச்சி எல்லாம் எலியோடு நின்றுவிடுகிறதே, இதற்குச் செலவழிப்பது வீண்தானே?

வீண் இல்லை. நுண்மோட்டார் என்றால் திரவத்துக்குள் தானாக நீந்தும், கண்ணுக்குத் தெரியாத துகள். கேள்வியைப் பார்த்தால் இந்தத் துறையில் பிஎச்.டி. சேரலாமா என்று யோசிப்பவர் போலத் தெரிகிறது. "இதனால யாருக்கு என்ன லாபம்?" என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த அளவில் ஒரு பொருள் தானாக நகர்வதே பெரிய விஷயம். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பொருளுக்குத் தண்ணீர் தேன் மாதிரி. தள்ளுவதை நிறுத்தினால் அந்தக் கணமே நின்றுவிடும். துடுப்பை முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசைத்தால் இடத்தை விட்டு நகராது. இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். 2004ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆயுஷ்மான் சென், தாமஸ் மல்லூக் குழுவினர் பாதி தங்கம், பாதி பிளாட்டினமாக 2 மைக்ரான் நீளக் கம்பிகளைச் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடில் விட்டார்கள். பெராக்சைடுதான் எரிபொருள். பிளாட்டினம் முனை முன்னே போக, அவை ஓடின.

நான் ஆய்வகத்தில் செய்தது உருண்டைகள். சிலிக்கா உருண்டைகளைக் கண்ணாடியில் பரப்பி பிளாட்டினம் பூசினால் மேல்பாதியில் மட்டும் ஒட்டும். மைக்ராஸ்கோப்பில் ஒரு பக்கம் கருப்பாக, ஒரு பக்கம் வெளிச்சமாகத் தெரியும். பெராக்சைடு சேர்த்ததும் எல்லாம் நகர ஆரம்பிக்கும், ஆனால் உடனே நம்பக் கூடாது. எல்லாம் ஒரே திசையில் போனால் அது நீரோட்டம், மோட்டார் இல்லை. பெராக்சைடு சிதைந்து வரும் ஆக்சிஜன் குமிழி ஒன்று ஓரத்தில் ஊதினாலே மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் தன் கருப்புப் பாதியைப் பின்னால் வைத்து வெவ்வேறு திசையில் போனால்தான் நிஜம். அதை முதலில் பார்த்த அன்று, பக்கத்து ஆய்வகத்துக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பெராக்சைடை உடம்புக்குள் ஊற்ற முடியாதே என்பீர்கள். சரிதான். அதனால்தான் உடம்பில் இருப்பதையே எரிபொருளாக்கினார்கள். 2017ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஜோசப் வாங் குழுவினர் மெக்னீசியம் மோட்டார்களை எலியின் வயிற்றுக்குள் விட்டார்கள். வயிற்று அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழி தள்ள, ஓடிக்கொண்டே ஆன்டிபயாடிக்கைக் கொண்டுசேர்த்தன. கூடவே அந்த வினை அமிலத்தையும் கொஞ்ச நேரம் தணித்துவிடுவதால், அமிலம் குறைக்கும் மாத்திரை தனியாகத் தேவைப்படவில்லை. 2024ல் பார்சிலோனாவின் சாமுவேல் சான்செஸ் குழுவினர் சிறுநீரில் உள்ள யூரியாவால் ஓடும் நானோ துகள்களில் கதிரியக்க அயோடினை ஏற்றி, எலிகளின் சிறுநீர்ப்பைக் கட்டியைச் சுமார் 90% சுருக்கினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) அம்பரீஷ் கோஷ் குழுவினர் பல்லின் நுண்குழாய்களுக்குள் திருகு வடிவத் துகள்களைச் செலுத்தியிருக்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அவை தானாக ஓடுபவை இல்லை, காந்தப்புலம்தான் ஓட்டுகிறது. கமெண்டில் யாராவது பிடித்துக்கொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

செலவு என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல், மெஸ் பாக்கிக்கு அப்பாவிடம் கை நீட்டியவன் நான். கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள். முப்பது வயதை நெருங்கும் ஆளுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சேர்ந்தால் சில மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு வரும்? வருடம் சொல்ல மாட்டேன். வயிறு, சிறுநீர்ப்பை, பல் மாதிரி எளிதில் எட்டும் இடங்களில்தான் முதலில் வரும் என்பது என் கணிப்பு. ரத்தக்குழாய்க்குள் நீந்திப் போய் மருந்து கொடுக்கும் என்ற கதையை இப்போதைக்கு நம்ப வேண்டாம். பெரிய தமனிகளில் ரத்தம் நொடிக்குப் பல சென்டிமீட்டர் பாய்கிறது. என் உருண்டைகள் நொடிக்குச் சில மைக்ரான்தான் ஓடின.